சேர்வராயன் மலையின் தீக்கோடும் சர்வர் அறையின் தீச்சுவரும்

தை பிறந்துவிட்டால் சேர்வராயன் மலையின் கீழ்ச்சரிவுகளில் அரிவாளுக்கு வேலை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மளமளவென்று வளர்ந்த புல், மார்கழிப் பனி விலகுவதற்குள் வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். உண்ணிச்செடிப் புதரும் உதிர்ந்த மூங்கில் சருகும் அதோடு சேர்ந்துகொண்டால், ஏற்காட்டுக்கு ஏறும் சாலையோரம் யாரோ வீசிவிட்டுப் போகும் ஒரு பீடித்துண்டு போதும். அதனால்தான் கோடை வருமுன்பே காட்டின் குறுக்கே சில மீட்டர் அகலத்துக்குப் புல், புதர், சருகு எல்லாவற்றையும் வெட்டிக் கூட்டி, வெறும் மண் தெரிய விட்டுவிடுகிறார்கள். வனத்துறையில் இதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர். இந்தக் கோட்டில் எதுவும் கட்டப்படுவதில்லை. கல் கிடையாது, சிமெண்ட் கிடையாது, கம்பி கிடையாது. தீ பற்றிக்கொண்டு நகர உதவும் பொருளை எடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அடுத்த மழைக்குப் புல் திரும்ப முளைக்கும். அடுத்த தையில் திரும்ப வெட்ட வேண்டும்.

இணைய சர்வர்களைக் காக்கும் ஃபயர்வாலைத் தமிழில் தீச்சுவர் என்றும் தீயரண் என்றும் எழுதுகிறோம். மூலச்சொல்லும் சுவரிலிருந்து வந்ததுதான். அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் பிடித்த தீ மற்றொன்றுக்குத் தாவாதபடி இடையில் எழுப்பிய செங்கல் சுவருக்கு வைத்த பெயர் அது. கணினிக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1988 நவம்பர் 2ஆம் தேதி மாரிஸ் புழு என்ற சிறு நிரல் இணையத்தில் பரவி, சுமார் 6,000 கணினிகளை முடக்கியதாக அப்போது கணக்கிட்டார்கள். அன்றைய இணையத்தில் இருந்தவையே ஏறத்தாழ 60,000 கணினிகள்தான். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் நிறுவனங்கள் தங்கள் வலையமைப்பின் வாசலில் வடிகட்டிகளை வைப்பதில் முனைந்தன. ஆனால் சுவர் என்ற உவமை நல்லது செய்ததைவிடக் கெடுதல் செய்ததே அதிகம் என்பது என் கணிப்பு. சுவர் என்றதும் ஒருமுறை காசு கொடுத்துக் கட்டி மறந்துவிடலாம் என்று தோன்றிவிடுகிறது. உள், வெளி என்று இரண்டே பக்கங்கள்தான் இருப்பதாகவும், ஆபத்து வெளியிலிருந்து மட்டுமே வரும் என்பதாகவும் மனம் நம்பிவிடுகிறது. மூன்றும் தவறு. ஏற்காட்டுக் காட்டின் கோட்டை மனதில் வைத்து ஃபயர்வாலை அமைப்பவர், சுவரை மனதில் வைத்து அமைப்பவரைவிடச் சரியாக அமைப்பார்.

ஃபயர்வால் உண்மையில் பார்ப்பது என்ன? இணையத்தில் எதுவும் மொத்தமாகப் போவதில்லை. படமோ படிவமோ, சிறு சிறு பொதிகளாக நறுக்கப்பட்டுத்தான் போகும். ஒவ்வொரு பொதியின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, எந்தப் போர்ட்டுக்குப் போகிறது என்ற எண் ஆகியவை எழுதியிருக்கும். ஒரு கணினிக்கு 65,535 போர்ட் எண்கள் உண்டு. பாதுகாக்கப்பட்ட இணையப் பக்கங்களுக்கு 443, நிர்வாகி தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச்சுக்கு 22, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கு 3306 என்பது வழக்கம். ஃபயர்வாலிடம் இருப்பது ஒரு பட்டியல்: இங்கிருந்து அங்கே இந்தப் போர்ட்டுக்கு வந்தால் விடு, அல்லது தள்ளு. பெரும்பாலான கருவிகள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியோடு முடிவெடுத்துவிடும். எனவே வரிசை மாறினால் பொருளே மாறும். “எல்லாவற்றையும் விடு” என்ற வரி மூன்றாவதாக இருந்தால் நான்காவதிலிருந்து எழுதிய அத்தனையும் வீண். நல்ல கருவி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் உரையாடலையும் நினைவில் வைத்திருக்கும். உள்ளேயிருந்து கேட்ட கேள்விக்கு வரும் பதிலை விடும், கேளாமலே வரும் பதிலைத் தள்ளிவிடும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கடைசி வரி உண்டு: மேலே சொன்ன எதிலும் அடங்காதது எதுவானாலும் தள்ளு. பட்டியலின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது. தெரிந்த கெட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தடுப்பது, காட்டில் பீடி குடிப்பவர்களின் பெயர்களைத் தொகுப்பது போல முடிவில்லாத வேலை. தேவையானதை மட்டும் குறித்துவிட்டு மற்றதை வெறும் மண்ணாக விடுவது முடியக்கூடிய வேலை.

ஒரு சர்வருக்கு எவ்வளவு தேவை என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. (ஏற்காடு அந்த உத்தரவில் சேரவில்லை.) இ-பாஸ் வழங்கும் இப்படியொரு தளத்தை நடத்தும் சர்வரை உலகில் எவரும் அணுக முடிய வேண்டும். விண்ணப்பிப்பவர் பெங்களூரில் இருக்கலாம், துபாயிலும் இருக்கலாம். ஆனால் அவருக்குத் தேவைப்படுவது 443 ஒன்றுதான், பழைய முகவரியைத் தட்டுபவரைத் திருப்பிவிட 80ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். 22 நிர்வாகிகளுக்கு மட்டும் உரியது. அதையும் அவர்கள் அலுவலக முகவரியிலிருந்தோ விபிஎன் என்ற தனிப்பாதை வழியாகவோ மட்டும் திறக்கலாம். 3306 வெளியுலகுக்குத் தேவையே இல்லை. 65,535இல் இரண்டு மட்டும் ஊருக்குத் திறந்திருந்தால் போதும். மீதியைத் திறந்து வைத்திருப்பது காய்ந்த புல்லை விட்டுவைப்பதுதான்.

இதுவரை சொன்னது உள்ளே வரும் போக்குவரத்து. வெளியே போவதைப் பற்றி எத்தனை பேர் யோசிக்கிறார்கள்? கிளவுடில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தால், உள்வரவு மூடியும் வெளிப்போக்கு முழுவதும் திறந்தும் இருப்பதே அமேசான் முதலிய சேவைகளில் தொடக்க நிலை. சுவர் உவமையின் பிள்ளை இது. உள்ளிருப்பவர் நம்மவர், அவர் எங்கு போனால் என்ன என்ற எண்ணம். 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்ஃபோர்ஷெல் குறைபாடு இந்த எண்ணத்தின் விலையைக் காட்டியது. ஜாவா நிரல்களில் பதிவுகள் எழுதப் பரவலாகப் பயன்பட்ட லாக்ஃபோர்ஜே என்ற துணைநிரலுக்கு ஒரு விபரீதப் பழக்கம் இருந்தது. பதிவில் எழுதச் சொன்ன சொற்களுக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி இருந்தால், அதை எழுதுவதோடு நிற்காமல் அந்த முகவரிக்கே போய் விசாரித்து, அங்கே கொடுத்ததை வாங்கிவந்து இயக்கிவிடும். தாக்குபவர் 443 வழியாகவே ஒழுங்காக வந்து, தன் பிரவுசரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த முகவரியை எழுதிவிட்டுப் போனால் போதும். வாசலில் நின்ற ஃபயர்வாலுக்கு அதில் சந்தேகப்பட எதுவுமில்லை. தாக்குதலின் இரண்டாம் படி மட்டும் சர்வர் தானாக வெளியே போவதில்தான் இருந்தது. தரவுத்தளத்தோடும் புதுப்பிப்பு சர்வரோடும் மட்டும் பேசலாம், வேறெங்கும் போகக் கூடாது என்று விதி எழுதியிருந்த இடங்களில் அந்த இரண்டாம் படி பெரும்பாலும் இடறி விழுந்தது. பெயர்த் தேடலான டிஎன்எஸ் வழியாகச் சில துணுக்குகள் கசியலாம் என்பது உண்மைதான். ஆனால் வேற்றாள் நிரல் வந்து இறங்குவதற்கும் சில துணுக்குகள் கசிவதற்கும் இடையிலுள்ள தூரம் அதிகம்.

காட்டின் கோடு காட்டைச் சுற்றி மட்டும் ஓடுவதில்லை. உள்ளேயும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, காட்டைத் துண்டுகளாகப் பிரிக்கிறது. நடுக்காட்டிலும் தீ பிறக்கும் என்பது வனக்காவலருக்குத் தெரியும். அப்படிப் பிறந்தால் ஒரு துண்டோடு போகட்டும் என்பதே திட்டம். சர்வர் உலகில் இந்தப் புத்தி மெதுவாகத்தான் வந்தது. 1990இலேயே பெல் ஆய்வகத்தின் பில் செஸ்விக், வெளியே மொறுமொறு, உள்ளே மெதுமெது என்ற பொருள்பட அக்கால வலையமைப்புப் பாதுகாப்பைக் கேலி செய்திருந்தார். நம் கணக்கில் போண்டா. ஓட்டைக் கடித்துவிட்டால் அப்புறம் தடையில்லை. இந்தியாவில் இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்தால் இதன் பொருள் விளங்கும். 2019 செப்டம்பர் 4ஆம் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சேர்ந்த ஒரு கணினியில் தீநிரல் இருப்பதாக இந்திய அணுமின் கழகத்துக்குத் தகவல் வந்தது. முதலில் மறுப்பு வெளியானது. அக்டோபர் 30ஆம் தேதி கழகமே அதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினி, ஆலையின் முக்கிய உள்வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது, ஆலை அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்பது அதன் விளக்கம். மறுத்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கதல்ல. ஆனால் தீ ஒரு துண்டுக்குள் நின்றது. 2022 நவம்பர் 23ஆம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்தது வேறு கதை. இணையத் தாக்குதலில் ஐந்து சர்வர்களும் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவும் மறைகுறியாக்கிப் பூட்டப்பட்டன. புறநோயாளிச் சீட்டிலிருந்து ஆய்வக முடிவு வரை நாள்கணக்கில் கையால் எழுதினார்கள். வலையமைப்பு முறையாகத் துண்டுகளாகப் பிரிக்கப்படாமல் இருந்ததே தாக்கியவர்களுக்கு வழிவிட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. இணையப் பக்கம் காட்டும் சர்வர் ஒரு துண்டில், தரவுத்தளம் வேறு துண்டில், காப்புப்பிரதி இன்னொன்றில், இடையே ஒரே ஒரு போர்ட் என்று வைத்தால் முதல் சர்வர் போனாலும் மற்றவை பிழைக்க வாய்ப்பு உண்டு.

மீண்டும் புல் முளைப்பதைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஃபயர்வால்கள் அதனால்தான் தோற்கின்றன. அமைத்த நாளில் பட்டியல் சுத்தமாக இருக்கும். ஒருநாள் வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவர் கோளாறைச் சரிபார்க்க வேண்டும் என்பார். “இப்போதைக்கு” என்று ஒரு வரி சேரும். வேலை முடியும், ஆள் போய்விடுவார், வரி இருக்கும். எதற்காகச் சேர்த்தது என்று எழுதி வைக்காததால், இரண்டு ஆண்டு கழித்து வரும் புதிய நிர்வாகிக்கு அதை நீக்கப் பயம். நீக்கி எதுவும் நின்றுவிட்டால் பழி அவருக்கு, விட்டுவைத்துத் திருடன் வந்தால் பழி திருடனுக்கு. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் அவிஷாய் ஊல் நிறுவனங்களில் இயங்கிய 37 ஃபயர்வால் பட்டியல்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு இதைத்தான் சொல்கிறது. பட்டியல் எவ்வளவு சிக்கலோ, பிழைகளும் அவ்வளவு அதிகம். இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த முடிவு பழசாகவில்லை. கருவிகள் மாறியிருக்கின்றன, புல் முளைக்கும் விதம் மாறவில்லை. மருந்து எளிது. ஒவ்வொரு வரிக்கும் யார் கேட்டது, ஏன், என்றுவரை என்று மூன்று குறிப்பு வேண்டும். கெடு தாண்டியதும் கேட்டவர் மறுபடி கேட்டால் தவிர வரி போய்விட வேண்டும்.

புல் முளைப்பது போதாதென்று, இருப்பதே தெரியாத பாதைகளும் உண்டு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு எல்லோருக்கும் தெரிந்த வழி அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைப்பாதை. மழையில் அங்கே மண் சரிந்தால் வாகனங்களைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். அடிவாரத்தில் மட்டும் சாவடி வைத்துவிட்டு மலையே தன் கண்காணிப்பில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் சேலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். லினக்ஸ் சர்வர்களில் இந்தச் சிரிப்புக்குரிய வேலை அடிக்கடி நடக்கிறது. ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வால் கருவியின் விதிகள் ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகளுக்கு மட்டும் பொருந்தும், ஐபிவி6 என்ற புதிய வகைக்கு வேறு பட்டியல் எழுத வேண்டும். ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. நம் கைபேசிகளில் பெரும்பாலானவை அந்தப் பாதையில்தான் போகின்றன. ஒரு பாதையைப் பூட்டி மற்றதை மறந்த சர்வர்கள் இங்கே வெறும் கற்பனையல்ல. இன்னொன்று, நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கர். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற எளிய கருவியால் எல்லாப் போர்ட்டுகளையும் மூடியாயிற்று என்று நிம்மதியாக இருக்கும்போது, டாக்கரில் ஒரு போர்ட்டைத் திறக்கச் சொன்னால் அது யுஎஃப்டபிள்யூவைக் கேட்காமல் தானே விதி எழுதிக்கொள்ளும். யுஎஃப்டபிள்யூ மூடியிருக்கிறது என்றே காட்டும், தரவுத்தளம் ஊருக்குத் திறந்திருக்கும். பட்டியலைப் படித்துத் திருப்தி அடையாமல், வேறொரு இணைப்பிலிருந்து என்மேப் போன்ற கருவியால் தன் சர்வரையே தட்டிப் பார்ப்பதுதான் இதற்கு வழி. இரண்டு முகவரி வகைகளிலும் தட்ட வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். இன்றைய தாக்குதல்களில் பெரும்பகுதி திறந்தே இருக்க வேண்டிய 443 வழியாகத்தானே வருகிறது, மற்ற கதவுகளைப் பூட்டி என்ன பயன்? உண்மைதான். தேடல் பெட்டியில் பெயருக்குப் பதில் தரவுத்தளக் கட்டளையை எழுதுபவரை, முகவரியையும் போர்ட்டையும் மட்டும் பார்க்கும் ஃபயர்வால் கண்டுகொள்ளாது. அதற்குப் பொதியைப் பிரித்து உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கும் வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் என்ற வேறு வகை இருக்கிறது. மாட்செக்யூரிட்டி போல இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. ஆனால் அதுவும் ஒரு பட்டியல்தான், அதற்கும் பராமரிப்பு வேண்டும். அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் 2017இல் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. நுழைவு, இணையத் தளத்தில் இரண்டு மாதம் முன்பே திருத்தம் வந்திருந்தும் போடாமல் விட்ட குறைபாடு வழியாக. மறைகுறியாக்கிய போக்குவரத்தைப் பிரித்துப் படிக்க ஒரு கருவியும் இருந்தது. அதன் சான்றிதழ் காலாவதியாகி, பிரிக்க முடியாமல் அப்படியே விட்டுக்கொண்டிருந்தது. ஜூலை இறுதியில் சான்றிதழைப் புதுப்பித்த உடனேயே சந்தேகப் போக்குவரத்து கண்ணில் பட்டது. நுழைந்த தளத்திலிருந்து ஏராளமான மற்றத் தரவுத்தளங்களுக்கு வழி இருந்ததும் விசாரணையில் தெரிந்தது. 443 வழியாக வந்த திருடன்தான், ஆனால் அவன் எவ்வளவு தூரம் நடந்தான் என்பதை நிர்ணயித்தது உள்ளே கோடு இல்லாமை. மறுப்பு சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு சரியல்ல.

இன்னும் கூர்மையான மறுப்பு, வேலியே பயிரை மேய்வது பற்றியது. 2019இல் கேபிடல் ஒன் வங்கியின் 10 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின், விண்ணப்பதாரர்களின் விவரங்கள் போனதற்கு வழி, தவறாக அமைக்கப்பட்ட வெப் அப்ளிகேஷன் ஃபயர்வாலே. கிளவுடில் அந்த ஃபயர்வாலுக்குக் கொடுத்திருந்த அனுமதிகள் அதன் வேலைக்குத் தேவையானதைவிட அதிகம். அதை ஏமாற்றி அதன் அடையாளத்தை வாங்கியவர், சேமிப்பகத்தைப் படிக்கும் உரிமையையும் சேர்த்தே வாங்கிவிட்டார். 2024 ஏப்ரலில் பாலோ ஆல்டோ நிறுவனத்தின் ஃபயர்வால் மென்பொருளிலேயே, கடவுச்சொல் எதுவும் இல்லாமல் உள்ளே புகவிடும் ஓட்டை வெளிப்பட்டது. பத்துக்குப் பத்து ஆபத்து மதிப்பு, அறிவிப்பதற்கு முன்பே சிலர் பயன்படுத்தியும் இருந்தார்கள். எல்லையே வேண்டாம், ஒவ்வொரு அணுகலையும் தனித்தனியாகச் சோதிப்போம் என்கிற “யாரையும் நம்பாதே” கட்டமைப்பைப் பேசுபவர்களுக்கு இவை நல்ல சான்றுகள். அவர்கள் சொல்வதை நான் பாதி ஏற்கிறேன். ஃபயர்வாலும் ஒரு கணினி. அதற்கும் திருத்தங்கள் போட வேண்டும். அதன் நிர்வாகப் பக்கம் இணையத்தைப் பார்த்துத் திறந்திருக்கக் கூடாது. அதற்கும் தேவையான உரிமை மட்டுமே இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சர்வரையும் தனித்தனியாகச் சோதிப்பது என்பதை நடைமுறையில் செய்து பார்த்தால், ஒவ்வொரு சர்வரைச் சுற்றியும் ஒரு சிறு கோடு வரைவதாகவே முடிகிறது. கோடு ஒழியவில்லை. துண்டுகள் சிறுத்திருக்கின்றன.

சின்ன அலுவலகத்துக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்ற கேள்வியும் உண்டு. ஏற்காட்டில் பத்து அறைகளோடு ஒரு விடுதி வைத்திருப்பவரோ காப்பித்தூளைத் தளத்தில் விற்கும் தோட்டக்காரரோ பாதுகாப்பு நிபுணரைச் சம்பளத்துக்கு வைக்கப் போவதில்லை. வைக்கவும் வேண்டாம். சொந்த சர்வர் இல்லாமல் பொறுப்பான வாடகைச் சேவையில் தளத்தை வைத்தால் பாதிப் பட்டியல் அவர்கள் தலையில் போய்விடும். சொந்தமாக வைத்தே தீர வேண்டுமென்றால் செய்ய வேண்டியதில் பணச்செலவு கிடையாது. லினக்ஸில் என்எஃப்டேபிள்ஸ் என்ற ஃபயர்வால் கருவி கூடவே வருகிறது, விதிகள் பத்து வரிகளைத் தாண்டாது. பயம் இருப்பது வேறொரு இடத்தில். தொலைவிலிருந்து விதி எழுதும்போது, 22ஐத் திறக்கும் வரிக்கு முன்னால் எல்லாவற்றையும் தள்ளு என்ற வரியைப் போட்டால், தன் சாவியைத் தானே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட கதைதான். அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் நான் உறுதிசெய்யாவிட்டால் பழைய விதிக்குத் திரும்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு மாற்றினால் அந்தப் பயமும் தீரும்.

கடைசியாகப் பதிவேடு. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எழும் இடங்களைக் கண்டு மாநில வனத்துறைகளுக்குக் கைபேசிக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. பார்க்கும் கருவியின் ஒரு புள்ளி தரையில் 375 மீட்டர். கோடு போட்டாயிற்று என்று யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. ஃபயர்வாலின் தள்ளல் பதிவுகளும் அதே வேலையைச் செய்யக்கூடியவை. வெளியிலிருந்து நாள்தோறும் வரும் ஆயிரக்கணக்கான தட்டல்களைப் படித்துப் பயனில்லை, அவை இணையத்தின் கொசுக்கடி. படிக்க வேண்டியது உள்ளேயிருந்து வெளியே போக முயன்று தள்ளப்பட்ட வரியை. பேசக் காரணமில்லாத ஊருக்குத் தரவுத்தளம் ஒரு பொதி அனுப்பப் பார்த்திருந்தால் அது புகை. இந்தியக் கணினி அவசரகாலக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28ஆம் தேதி ஆணையில் பதிவுகளை 180 நாட்கள் காக்கவும், தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. 180 நாட்கள் என்பது தையில் வெட்டிய கோடு ஆனி வரை நிற்கும் காலம். அதற்குள் ஒருமுறையாவது யாராவது அந்தப் பதிவைத் திறந்து பார்த்திருப்பார்களா என்று ஆணை கேட்கவில்லை. அலுவலகங்கள் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.